கடைசிப் படகு

"தம்பி, என் படகைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." மூன்று ஆண்டுகளாக இந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அலறலோ அவசரமோ அதில் இல்லை. கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவர், உட்கார்ந்திருப்பவரிடம் பையை நீட்டுவாரே, அந்தக் குரல். நம் ஊரில் அப்படி நீட்டப்படும் பையை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாதவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவோம், அவ்வளவுதான். நான் மறுத்தேன். மறுக்கிறேன் என்பதுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. சிங்கப்பூரில் நான் சேர்ந்திருந்த கயாக் கிளப்பிலிருந்து அன்றைக்குப் பன்னிரண்டு பேர் புலாவ் உபின் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பன்னிரண்டு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மற்றவர்களிடம் நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறவர், அதை மட்டும் தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். யாராவது ஒருவர் பிடித்திருப்பார். எனக்கு மட்டும் கேட்கும்படி, என்னை நம்பிச் சொல்லப்பட்டது அது.

எனக்குத் தண்ணீர் அறிமுகமானது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிடுவார். விழுந்து, மூக்கில் நீர் ஏறி, கண்ணைத் திறக்கும்போது அவர் ஏற்கெனவே படியில் நின்றுகொண்டிருப்பார். அவருடைய கால் விரல்கள் தண்ணீருக்குள் வெளுத்துப்போய்த் தெரியும். அந்தக் கால் தெரிகிறவரை எனக்குப் பயமில்லை. நாற்பது வயதுக்கு மேல் கயாக் பயிற்சிக்குச் சேர்ந்தபோது இங்கேயும் அதே பாடம் வேறு பெயரில் இருந்தது. முதல் நாளே கவிழக் கற்றுக்கொடுக்கிறார்கள். நீச்சல் குளத்தில், இடுப்பளவு நீரில், படகோடு தலைகீழாகத் தொங்க வேண்டும். இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் முன்பக்க வளையத்தைத் தேடி இழுத்து, தொடைகளைத் தளர்த்தி, முன்பக்கம் குனிந்து வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்வார் எங்கள் பயிற்றுநர். தலைகீழாக இருக்கும்போதே இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, படகின் அடிவயிற்றில் மூன்று முறை தட்ட வேண்டும். தட்டிவிட்டு உள்ளங்கைகளைப் படகின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகத் துழாவ வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தன் படகின் மூக்கைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுப்பார். அதைப் பற்றிக்கொண்டு இடுப்பை ஒரு திருப்பு திருப்பினால் படகு நிமிர்ந்துவிடும். காதில் தண்ணீர் அடைத்த அந்த நிசப்தத்தில், வேறொரு படகின் மூக்கு உள்ளங்கையில் வந்து முட்டும் கணம் இருக்கிறதே, அதற்காகவே நான் அந்தப் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் செய்தேன். அது மாமாவின் கால்.

பயிற்சி முழுக்கவே, யோசித்துப் பார்த்தால், பிடித்துக்கொள்வதற்கான பயிற்சிதான். துடுப்பை எப்படிப் போடுவது, தோளால் இழுக்காமல் உடம்பைத் திருப்பி எப்படி இழுப்பது என்பதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். மீதிக் காலமெல்லாம் அடுத்தவர் படகைப் பற்றியதுதான். கவிழ்ந்தவருடைய படகைக் குறுக்கே இழுத்து என் படகின் மேல் ஏற்றி நீரை வடிப்பது. அவர் ஏறி உட்காரும்வரை அவருடைய படகின் வாயோரத்தை என் மார்போடு அணைத்துப் பிடிப்பது. ஓய்வெடுக்கும்போது எல்லாரும் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ந்து, துடுப்புகளைக் குறுக்கே போட்டு, ஒரே தெப்பமாக மிதப்பது. தனித்தனியே இரண்டடிக்கும் குறைந்த அகலமுள்ள படகுகள், நான்கு சேர்ந்துவிட்டால் மேலே எழுந்து நிற்கலாம் போலத் திடமாகிவிடும். உலாவுக்குப் போகும்போதும் அப்படித்தான். முன்னே ஒருவர் வழிகாட்டி, கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரை 'ஸ்வீப்' என்பார்கள். அவருக்கு ஒரே வேலை, ஒரே விதி: தனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எவ்வளவு மெதுவாக ஒருவர் வந்தாலும் அவருக்கும் பின்னால்தான் வர வேண்டும். அன்றைக்குக் கடைசிப் படகு என்னுடையது.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். அப்பா, சித்தப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவர் வெல்டிங் படித்து, செம்பவாங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தார். கிளப்பில் அவர் சேர்ந்த நாளிலிருந்தே அவரைச் சுற்றி ஒரு மரியாதை இருந்தது. காற்று மாறப்போவதை முதலில் சொல்வது அவர்தான். சோழகம், நீவாடு என்று அவர் சொல்லும் சொற்களை எனக்காகவே சொல்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். பாசிர் ரிஸ் கரையிலிருந்து புறப்பட்டு, கப்பல் போகும் தடத்தை எல்லாரும் ஒன்றாக நெருங்கி வேகமாகக் கடந்து, மீன் பண்ணைகளின் மிதவைகளை வலப்பக்கம் விட்டுவிட்டு நிதானமானோம். ஓதம் ஏறி முடிந்து, இறங்கத் தொடங்காத இடைவேளை. காற்று துளியும் இல்லை. வானம் முழுக்க ஒரே வெள்ளை மேகம், நீரும் அதே வெள்ளை. தீவு எங்கே முடிகிறது, அதன் நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத காலை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில், ஒருவருக்கொருவர் பேசாமல், அந்த அழகில் கரைந்துபோய்த் துடுப்பு போட்டார்கள். நானும்தான். அவர் துடுப்பை நிறுத்தியிருப்பதைப் பார்த்தேன். அருகில் போனதும் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "நாகப்பட்டினத்துக்காரருக்கே படகு பிடிக்க ஆள் வேணுமாண்ணே?" என்று சிரித்தேன். சிரித்தபடியே அவரைத் தாண்டிப் போனேன். நாலைந்து துடுப்பு, அதற்கு மேல் இருக்காது. திரும்பிப் பார்த்தபோது அவர் துடுப்பைப் படகின் மேல் குறுக்கே வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சியை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ரசிப்பவர் ஏன் தன் படகின் மூக்கைப் பார்க்க வேண்டும்? கொஞ்ச நேரத்தில் ஜோகூர் பக்கமிருந்து மெல்லிய காற்று வந்தது. நீரில் சுருக்கம் விழுந்தது. அவர் துடுப்பை எடுத்தார்.

உபினில் இளநீர்க் கடையில் அவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது இரட்டைப் படகு ஒன்றின் அருகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். கரையில் படகை நல்ல தண்ணீரில் கழுவி, லைஃப் ஜாக்கெட்டை அலசித் தொங்கவிட்டு, துடுப்பின் இரண்டு பாகங்களையும் துடைத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. இரண்டு முறை செய்தி அனுப்பினேன். வேலை அதிகம் தம்பி என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் எதுவும் நடக்கவில்லை. யாரும் கவிழவில்லை. அதனால்தான் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பல மாதங்கள் கழித்து, கயாக்கின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கும்போது கிரீன்லாந்து வேட்டைக்காரர்களைத் தாக்கும் ஒரு நிலையைப் பற்றி அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டேனிஷ் மருத்துவர்கள் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கயாக் பீதி என்று சொல்லலாம். சீல் வேட்டைக்குத் தனியாகப் போனவன், விலங்கு தலைதூக்கும் வரை அசையாமல் காத்திருப்பான். கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். காற்றிருக்காது, வெயில் நீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும். அப்போது அது வரும். படகு ஒடுங்கிக்கொண்டே போவதுபோலவும், அதன் மூக்கு வெகு தூரத்துக்கு நீண்டுவிட்டதுபோலவும், உள்ளே தண்ணீர் ஏறி இடுப்பைத் தொடுவதுபோலவும் தோன்றும். கை அசைந்தால் கவிழ்ந்துவிடுவோம் என்று உடம்பு உறைந்துவிடும். புயலில் வராது, அலையில் வராது. அலை இருந்தால் உடம்புக்கு ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒரு வேலை கிடைத்துக்கொண்டிருக்கும். அலையற்ற நீரில்தான் எது மேல், எது கீழ் என்று சொல்லும் அடையாளங்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும். காப்பியும் புகையிலையும் அதிகமானதால் வருகிறது என்று அக்கால மருத்துவர்கள் சிலர் நினைத்தார்கள். 1963இல் இதைப் பற்றி எழுதிய ஜக்கரி கஸ்ஸோ என்ற அமெரிக்க மானுடவியலாளர், புலன்களுக்கு எதுவுமே கிடைக்காமல் போவதன் விளைவு என்று விளக்கினார். எனக்கு விளக்கங்களைவிட, இது தீருகிற விதம்தான் முக்கியமாகப் பட்டது. காற்று வந்து நீரைச் சுருக்கினால் தீரும். அல்லது இன்னொரு கயாக் அருகில் வந்து தொட்டால் தீரும். தொட்டால் போதும். ஒரு முறை இதற்கு ஆளானவர்களில் சிலர் அதன்பின் கயாக்கில் ஏறவேயில்லை. வேட்டையை விட்டால் பிழைப்பில்லாத ஊரில், நல்ல வேட்டைக்காரர்கள், கரையிலேயே இருந்துவிட்டார்கள்.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அவருக்கு வந்தது இதுதான் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. கிரீன்லாந்துக்காரரின் அச்சத்தை எடுத்து நாகப்பட்டினத்துக்காரருக்குப் போர்த்துவதில் ஒரு வசதி இருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டால் மனம் அடங்கிவிடும். நாகப்பட்டினம் என்றதுமே சிலருக்கு 2004 டிசம்பர் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. சுனாமி அவர் வீட்டில் என்ன செய்தது என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒரு மனிதனின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அவன் ஊரின் பெரிய துயரத்தோடு முடிச்சுப் போடுவதும் ஒருவகையில் அவனைக் கேட்காமல் இருப்பதுதான். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. வேறொன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கட்டுமரத்தில் வளர்ந்தவருக்கு கயாக் எவ்வளவு அந்நியமான பொருள் என்பது எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. கட்டுமரத்தில் தண்ணீர் புக உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. மரங்களுக்கு இடையே நீர் ஏறும், இறங்கும். கால் நனைந்தே இருக்கும். அலை புரட்டிப் போட்டாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயப்போடுவார்கள். அதில் போகிறவன் கடலின் மேல் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் பெரும்பாலும் இன்னொருவன் இருக்கிறான். கயாக் அப்படியல்ல. பழைய கிரீன்லாந்து வழக்கத்தில் ஓட்டுகிறவனின் உடம்பை அளந்தே அது செய்யப்படும். கரையொதுங்கிய மரத்தில் சட்டம், அதன் மேல் சீல் தோல். ஓட்டுகிறவன் போட்டிருக்கும் தோல் சட்டையைப் படகின் வாயில் இறுக்கிக் கட்டிவிட்டால் மனிதன் எங்கே முடிகிறான், படகு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கால்கள் இருட்டுக்குள் போய்விடும். நனைவதுகூட இல்லை. நாங்கள் அவரைக் கடல் தெரிந்தவர் என்று நினைத்தோம். அவருக்குத் தெரிந்தது அவருடைய கடல்.

இதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகத் தோன்றுகிறது. தனியாக இருப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு படகுக்கு கிளப் எதற்கு? ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் 1865இல் 'ராப் ராய்' என்ற சிறு படகில் ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் தன்னந்தனியாகச் சுற்றி வந்தார். அவர் அதை கனூ என்றுதான் அழைத்தார். ஆனால் மேல்மூடி போட்ட உடலும் இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பும் கயாக்கைப் பார்த்து வந்தவை. இன்றும் பல கிளப்புகள் பெயரில் கனூவை வைத்துக்கொண்டு கயாக்கை ஓட்டுவதற்கு இந்தப் பழைய குழப்பமும் ஒரு காரணம். தனிப்பயணத்தின் சுகத்தை எழுதி ஐரோப்பா முழுக்க ஆசையைக் கிளப்பிய அந்த மனிதர் மறுவருடம், 1866இல், செய்த வேலை லண்டனில் கனூ கிளப்பைத் தொடங்கியது. இந்த விவரத்தை முதலில் படித்தபோது வெறும் சுவாரஸ்யமாகக் கடந்துபோனேன். இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை. தனியாகப் போய் வந்தவனுக்குத்தானே கூட்டாளியின் அருமை தெரிந்திருக்கும். இன்னொருவர் ஜீனோ வாட்கின்ஸ். இளம் ஆங்கிலேயர், கிரீன்லாந்துக்காரர்களிடமே கயாக் கற்றவர். கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே புரட்டி நிமிர்த்தும் வித்தையில் தேர்ந்தவர். 1932 ஆகஸ்டில் கிழக்கு கிரீன்லாந்தில் ஒரு காலை தனியாக சீல் வேட்டைக்குப் போனார். தோழர்கள் கண்டெடுத்தது காலிப் படகை. அவருடைய உடல் கிடைக்கவில்லை. வயது 25. என்ன நடந்தது என்பதைப் பார்க்க யாருமில்லை. மூன்று பேருக்குக் குறைந்து கடலுக்குப் போகாதே என்று கிளப்புகளில் முதல் நாளே சொல்லும் விதியை நான் வெகுநாள் ஒரு காப்பீட்டு நிபந்தனைபோலத்தான் கேட்டு வந்தேன்.

சில வாரங்களுக்கு முன் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் ஒன்று செய்து பார்த்தேன். செய்திருக்கக் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்கும் நடுவே எங்கோ நின்றுபோனதுபோன்ற அந்த நீர், காடு சூழ்ந்து, விடிகாலையில் மூச்சுவிடாமல் கிடக்கும். குரங்குகள் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஓசை, உடும்பு ஒன்று நீரில் இறங்கும் ஓசை, பிறகு அதுவும் இல்லை. தோழி ஒருவரைக் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, துடுப்பைக் குறுக்கே வைத்து, நாகப்பட்டினத்துக்காரர் அன்று பார்த்ததுபோலப் படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எதுவுமில்லை. பிறகு முதுகுத் தண்டில் ஒரு சின்னத் திருத்தம், இல்லாத சாய்வுக்கு உடம்பு தானாகக் கொடுத்த பதில். அதைச் சரிசெய்ய இன்னொன்று. தொடைகள் இறுகின. பயிற்றுநர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், இடுப்பைத் தளர்த்து, பார்வையைத் தூரத்தில் வை என்று. பார்க்கத் தூரம் என்று ஒன்று வேண்டுமே. எனக்கு வந்தது பீதியில்லை, அதன் வாசற்படி மட்டும். ஆனால் வாயைத் திறந்து தோழியைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்த கணத்தில் எனக்கு வெட்கம் வந்தது. அந்த வெட்கம்தான் என்னை உலுக்கிவிட்டது. தெளிந்த நீரில், சும்மா உட்கார்ந்திருக்கும் படகை வந்து பிடி என்று எப்படிக் கேட்பது? கவிழ்ந்தவனுக்கு மூன்று தட்டு தட்டும் உரிமை இருக்கிறது. கவிழாதவன் எதைத் தட்டுவான்? அந்த வெட்கத்தைத் தாண்டி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அதுவும் கடல் தெரிந்தவர் என்று எல்லாரும் தலையில் சூட்டிய கிரீடத்தோடு. கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அன்று மெக்ரிச்சியில்தான் அளந்தேன். தோழி தானாகவே வந்தாள். ஒன்றும் கேட்காமல் என் படகின் விளிம்பில் கையை வைத்தாள். அந்தக் கையின் எடை இரண்டு மூன்று விரல்களின் எடைதான். உலகம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பயிற்சியில் உதவுகிறேன். நீச்சல் குளத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவதற்கு முன்பாகவே இந்தப் பீதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலையில்லாத நாளிலும் வரலாம், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் வரலாம், கேட்பதில் வெட்கமில்லை என்று. சிலர் கதை கேட்பதுபோலக் கேட்கிறார்கள். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கட்டும். உலாவுக்குப் போகிற நாட்களில் கடைசிப் படகை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கடலிலோ ஏரியிலோ குழுவாகத் துடுப்பு போடும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாராவது உங்களிடம் தன் படகைப் பிடிக்கச் சொன்னால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், முதலில் பிடித்துவிடுங்கள். பேச்செல்லாம் கரைக்கு வந்தபிறகு.